சுவரில் இருந்த படமும் கையில் இருந்த அட்டையும்: பொது சுகாதார மரபில் அம்பேத்கரின் வாழ்வு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தை ஒட்டிய ஒரு காலனியில், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தொழிலாளியின் வீட்டில் அமர்ந்து அவருடைய வழக்குக்கான விவரங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். ரோலிங் மில் ஒன்றில் இரவு ஷிஃப்டில் வேலை செய்தபோது அவருடைய வலக்கையின் மூன்று விரல்கள் நசுங்கிப்போயிருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்திருந்தும் அவருக்கு இ.எஸ்.ஐ. எண் இருந்ததில்லை. விபத்து நடந்த மறுநாள்தான் ஒப்பந்தக்காரர் அவசரமாக ஓர் எண்ணை வாங்கித் தந்திருந்தார். பதிவின்படி அவர் வேலைக்குச் சேர்ந்ததே அன்றுதான்.

அவருடைய தலைக்கு மேல், சுவரில், நீலக் கோட்டு அணிந்த அம்பேத்கர் படம் மாட்டியிருந்தது. கையிலிருந்த அட்டைக்கும் சுவரிலிருந்த படத்துக்கும் என்ன உறவு என்பதை நான் அன்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தை வரைந்தவராக, சாதி ஒழிப்புச் சிந்தனையாளராக, பௌத்தம் தழுவியவராக நாம் அறிவோம். பொது சுகாதாரத்தின் வரலாற்றில் அவருக்குள்ள இடம் குறைவாகவே பேசப்படுகிறது. ஒரு நாட்டின் உடல்நலத்தை மருத்துவமனைகளின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. தூய குடிநீர், கழிவுநீர் வடிகால், காற்றோட்டமான குடியிருப்பு, அளவான வேலை நேரம், பேறுகால ஓய்வு, விபத்துக்கு இழப்பீடு ஆகியவற்றைச் சட்டத்தின் வழியே எல்லோருக்கும் உறுதிசெய்வதுதான் பொது சுகாதார மரபு. பிரிட்டனில் 1848ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்திலிருந்து அம்மரபு படிப்படியாக வளர்ந்தது. இந்தியாவில் அதன் ஒவ்வொரு படியிலும் சாதி குறுக்கே நின்றது. யார் எந்தக் குளத்தில் நீர் அள்ளலாம், யாருடைய நாடியை மருத்துவர் தொடுவார், ஊரின் கழிவை யார் அள்ளுவார் என்பனவெல்லாம் இங்கே பிறப்பால் முடிவாகிவிட்டிருந்தன. இந்தக் கேள்விகளைச் சட்டத்தின் கேள்விகளாக மாற்றியது அம்பேத்கரின் வாழ்நாள் பணிகளுள் ஒன்று.

பதினான்காவது குழந்தை

1891 ஏப்ரல் 14 அன்று, மத்திய இந்தியாவின் மஹூ படைமுகாமில், ராம்ஜி சக்பால், பீமாபாய் இணையருக்குப் பதினான்காவது குழந்தையாக அவர் பிறந்தார். அந்தப் பதினான்கில் வளர்ந்து ஆளானவர்கள் ஐவர் மட்டுமே. அவர் சிறுவனாக இருந்தபோதே தாயும் மறைந்தார்.

சதாராவில் பள்ளியில் படித்தபோது, தாகம் எடுத்தால் அவரால் தானே குழாயைத் திறந்து நீர் குடிக்க இயலாது. பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட வேண்டும். பணியாள் வராத நாளில் தண்ணீர் இல்லை. 1901இல் தந்தையைக் காண கோரேகாவுக்குக் குடும்பத்துப் பிள்ளைகளுடன் மாட்டுவண்டியில் சென்றபோது, கையில் பணமும் உணவும் இருந்தும், வழியில் குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்காமல் அந்தப் பிள்ளைகள் இரவு முழுவதும் பட்டினி கிடந்தனர். தாகத்தின் அந்த நினைவைப் பிற்காலத்தில் அவர் தம் கைப்பட எழுதிவைத்தார்.

அவர் பிறந்த அதே 1891இல், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், இம்மண்ணின் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அரைவயிற்று உணவு, ஒழுகும் குடிசை, தொழுநோய் முதலிய பிணிகள், குடியிருக்கும் மனைக்குக்கூட உரிமையின்மை ஆகியவை அதில் பதிவாகியுள்ளன. பஞ்சமி நிலங்களின் வரலாறு பேசும்போது நாம் அந்த அறிக்கையை நினைவுகூர்கிறோம். அது ஒரு சுகாதார அறிக்கையும்கூட. நிலமின்மையையும் நோயையும் அது அருகருகே வைத்துக் காட்டியது.

பிளேக் கட்டவைத்த குடியிருப்பு

1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. அதையடுத்து 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை உருவானது. நெரிசலான குடியிருப்புகளை இடித்து, தொழிலாளர்களுக்கு ஓரறை வீடுகள் கொண்ட அடுக்குக் கட்டடங்களை அது எழுப்பியது. பரேல் பகுதியிலிருந்த அத்தகைய ஒரு சாலில்தான் அம்பேத்கரின் குடும்பம் நெடுங்காலம் வாழ்ந்தது. ஆலைத் தொழிலாளர்கள் சூழ வாழ்ந்த அந்தச் சிறிய வீட்டிலிருந்துதான் அவர் கொலம்பியாவுக்கும் லண்டனுக்கும் படிக்கச் சென்றார்.

அந்த வாழ்வு அவரிடமிருந்து நிறையப் பறித்துக்கொண்டது. அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வர் இளம் வயதிலேயே இறந்தனர். கடைசிப் பிள்ளை ராஜரத்னா 1926 ஜூலையில் இறந்தான். மூத்த மகன் யஷ்வந்த் மட்டுமே எஞ்சினார். நீண்ட நாள் நோயுற்றிருந்த ரமாபாய் 1935 மே மாதத்தில் காலமானார். இரு பெரும் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவரின் வீட்டு நிலையே இதுவென்றால், பக்கத்து அறைகளில் வாழ்ந்தோரின் நிலையை விளக்க வேண்டியதில்லை. குழந்தை இறப்பு என்பது அவருக்குப் புள்ளிவிவர ஏட்டில் படித்தறிந்த செய்தி அல்ல.

மகத்: தூய்மையா, சுகாதாரமா?

1923 ஆகஸ்டில் பம்பாய் சட்ட மேலவை, பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளையும் கிணறுகளையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் இயற்றியது. மகத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. ஆனால் எவரும் அதில் நீர் அள்ளத் துணியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகச் சென்று அக்குளத்தின் நீரை அள்ளிக் குடித்தார்.

அதன் பிறகு நடந்தது கவனிக்கத்தக்கது. ஊர்வலத்தினர் தாக்கப்பட்டனர். பின்னர், குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று கூறி, 108 குடங்களில் தயிர், பால், சாணம், கோமியம் ஆகியவற்றைக் கலந்து குளத்தில் ஊற்றிச் சாதி இந்துக்கள் அதைத் 'தூய்மை' செய்தனர். குடிநீரில் சாணம் கலப்பது தூய்மை, மனிதர் கை வைப்பது அசுத்தம் என்று கருதும் ஒரு சமூகத்தில் பொது சுகாதாரம் எப்படி வேர்விடும்? சாதியின் தூய்மையும் அறிவியலின் சுகாதாரமும் ஒன்றல்ல, எதிரெதிரானவை என்பதை மகத் குளம் உலகுக்குக் காட்டியது.

அந்தப் போராட்டம் நீதிமன்றத்திலும் தொடர்ந்தது. தொன்றுதொட்ட வழக்கம் என்ற வாதத்தை எதிர்த்தரப்பால் நிறுவ இயலவில்லை. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீண்டப்படாதோரின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கை நீருக்குப் பத்தாண்டு வழக்கு. வழக்கறிஞராகப் பணியாற்றும் எவரும் இந்தப் பத்தாண்டின் பொறுமையை நினைவில் கொள்ள வேண்டும்.

தொடாத மருத்துவர்

தம் நினைவுக் குறிப்புகளில் அம்பேத்கர் இன்னொரு நிகழ்வையும் எடுத்துப் பதிவுசெய்தார். கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்ற சில நாள்களில் நோயுற்றார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். நோயாளியை வெளியே கொண்டுவந்து கிடத்திய பிறகும் அவரைத் தொடவில்லை. வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்து எடுத்து அதே வழியில் திருப்பித் தந்தார். அந்தப் பெண் இறந்துபோனார். 1929இல் இதழ் ஒன்றில் வெளியான அந்த ஆசிரியரின் கடிதத்தை அம்பேத்கர் பாதுகாத்து வைத்தார்.

அங்கே மருத்துவரும் இருந்தார், கருவியும் இருந்தது. நோயாளியைத் தொடும் கை மட்டும் இல்லை. மருத்துவ வசதியைப் பெருக்கினால் மட்டும் ஒடுக்கப்பட்டோரின் உடல்நலம் உயர்ந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பேறுகாலம் யாருடைய பொறுப்பு?

1927இல் பம்பாய் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்த அம்பேத்கர், 1928இல் பெண் தொழிலாளர்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கு உரியது; எனவே அதன் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்பது நியாயம்; எனினும் பெண்களின் உழைப்பால் பயன்பெறும் முதலாளியும் தம் பங்கைச் செலுத்தியாக வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அந்த மசோதா 1929இல் சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1934ஆம் ஆண்டின் சட்டம் அதைப் பின்தொடர்ந்தது.

1938 நவம்பரில், அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி பம்பாய் சட்டப்பேரவையில் குடும்பக் கட்டுப்பாட்டு வசதிகளை அரசே வழங்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தது. அது தோற்கடிக்கப்பட்டது. பதினான்கு பிள்ளைகள் பெற்று இளமையில் மறைந்த ஒரு தாயின் மகன் அத்தகைய தீர்மானத்துக்குப் பின்னால் நின்றதில் வியப்பில்லை.

தொழிலாளர் துறையில் நான்கு ஆண்டுகள்

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்கான உறுப்பினராக அவர் பொறுப்பேற்றார். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1942 டிசம்பரில் பிரிட்டனில் பெவரிட்ஜ் அறிக்கை வெளியாகிச் சமூகக் காப்பீட்டை உலகெங்கும் பேசுபொருளாக்கியது. அம்பேத்கர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1920களின் தொடக்கத்தில் ஆய்வு செய்தபோது அதன் இயக்குநராக இருந்தவர் அதே பெவரிட்ஜ்தான். 1943 மார்ச்சில் இந்தியத் தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்கும் பணி பேராசிரியர் பி.பி. அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944 ஆகஸ்டில் அவருடைய அறிக்கை வந்தது.

1943 டிசம்பரில் அம்பேத்கர் தன்பாத் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்று, சுரங்கத்துக்குள் இறங்கி, தொழிலாளர் வேலை செய்யும் இடத்தை நேரில் பார்த்தார். அடுத்த மாதமே நிலக்கரிமீது தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றுக்கு நிதியம் அமைக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. 1946இல் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தின் மூலம் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை உச்சவரம்பு 48 ஆகக் குறைந்தது. ஆறு நாள், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்ற கணக்கு இந்தியத் தொழிற்சாலைக்குள் நுழைந்த வரலாறு இதுவே.

இந்தக் காலத்தின் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த தடையைப் போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காட்டி அரசு 1943இல் விலக்கியது. அத்துறையின் பொறுப்பிலிருந்த அம்பேத்கர் சட்டமன்றத்தில் அம்முடிவை ஆதரித்து விளக்கமளித்தார். ஆண்களுக்கு இணையான கூலி என்ற நிபந்தனையும், பின்னர் விரிவாக்கப்பட்ட பேறுகால உதவியும் அந்தப் பாதிப்பை ஓரளவே ஈடுசெய்தன. 1946 பிப்ரவரியில்தான் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவரைக் குறையற்ற உருவமாக வணங்குவதைவிட, ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் எத்தகைய நெருக்கடிகளுக்குள் முடிவெடுத்தார் என்று ஆராய்வதே அவர் கற்பித்த வழி.

1946 நடுப்பகுதியில் அவர் அப்பொறுப்பிலிருந்து விலகினார். அதார்க்கர் அறிக்கையின் அடியொற்றிய காப்பீட்டு மசோதா, அவருக்குப் பின் தொழிலாளர் துறையை ஏற்ற ஜெகஜீவன் ராமின் காலத்தில் அவைக்கு வந்து, 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமாக நிறைவேறியது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தலித் சமூகத்தில் பிறந்த இரு தலைவர்கள் அடுத்தடுத்துப் பொறுப்பேற்ற ஒரு துறையிலிருந்து இந்தியத் தொழிலாளரின் நோய்க் காப்பீடு பிறந்தது என்பதைப் பாடநூல்கள் நமக்குச் சொல்வதில்லை.

சட்டத்தில் பதிந்த சுவடுகள்

வரைவுக் குழுவின் தலைவராக அவர் வழிநடத்திய அரசமைப்புச் சட்டத்தில் இந்த வாழ்வின் சுவடுகளைக் காணலாம். கடை, உணவகம், கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை ஆகியவற்றில் சாதியின் பெயரால் தடை விதிக்கக்கூடாது என்கிறது 15ஆம் உறுப்பின் இரண்டாம் பகுதி. மகத் குளம் அதற்குள் இருக்கிறது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. கத்தியவார் மருத்துவரின் செயலை அது குற்றத்தின் வட்டத்துக்குள் கொண்டுவருகிறது. 39ஆம் உறுப்பு தொழிலாளரின் உடல்நலத்தையும் வலிமையையும், 42ஆம் உறுப்பு மனிதத்தன்மையுள்ள வேலைச் சூழலையும் பேறுகால உதவியையும், 47ஆம் உறுப்பு மக்களின் ஊட்டச்சத்தையும் பொது சுகாதாரத்தையும் அரசின் கடமையாக்குகின்றன.

இவற்றுள் பின்னவை வழிகாட்டு நெறிகள் மட்டுமே, நேரடியாக நீதிமன்றம் செல்ல இயலாதவை என்று சட்டக் கல்லூரியில் நமக்குச் சொல்லித்தரப்படுகிறது. ஆனால் 1995இல், கல்நார் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், தொழிலாளரின் உடல்நல உரிமை 21ஆம் உறுப்பின் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெறியாக எழுதப்பட்டது, கேட்போர் தொடர்ந்து கேட்டதால் உரிமையாக வளர்ந்தது.

அம்பேத்கரின் சொந்த உடல் இதற்குள் தளர்ந்திருந்தது. நீரிழிவும் நரம்பு வலியும் அவரை வாட்டின. 1948 ஏப்ரலில் மருத்துவர் சாரதா கபீரை அவர் மணந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல லட்சம் மக்களுடன் பௌத்தம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று டெல்லியில் காலமானார்.

மீண்டும் கும்மிடிப்பூண்டிக்கு

அவர் மறைந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பின், கும்மிடிப்பூண்டியின் ஆலை வாயில்களில் நாம் காண்பது என்ன? உள்ளூர் காலனிகளிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஒப்பந்தக்காரரின் பெயரில் வேலை செய்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட வரலாறு நமக்குத் தெரியும். தமிழ்நாட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி இறப்போர் பெரும்பாலும் தலித்துகளே. அத்தகைய இறப்புக்கான இழப்பீட்டை 2014இல் 10 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் மனிதரை உள்ளே இறக்கும் வழக்கம் நிற்கவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் பயன்படுத்திய குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மகத் குளத்துக்கும் அந்தத் தொட்டிக்கும் இடையே 95 ஆண்டுகள்.

எனினும் கேட்டால் கிடைக்கிறது என்பதற்கும் அண்மைச் சான்று உண்டு. 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. 1946இல் வென்ற கணக்கை 2023இல் மறுபடியும் காக்க வேண்டியிருந்தது.

விரல்களை இழந்த அந்தத் தொழிலாளிக்கு வருகிறேன். ஒப்பந்தத் தொழிலாளியின் காப்பீட்டுத் தொகையை முதலில் செலுத்த வேண்டிய கடமை ஆலை உரிமையாளரான முதன்மை வேலையளிப்பவருக்கே உண்டு என்கிறது 1948ஆம் ஆண்டின் சட்டத்தின் 40ஆம் பிரிவு. அச்சட்டத்தைத் தன்னுள் இணைத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அக்கடமை தொடர்கிறது. விபத்தின்போது பதிவு இல்லை என்பதாலேயே தொழிலாளியின் உரிமை அழிந்துவிடாது என்பது உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திய சட்டநிலை. பதிவு செய்யாதது வேலையளிப்பவரின் தவறு. அதற்கான தண்டனையைத் தொழிலாளி சுமக்க முடியாது.

அவர் இரண்டு ஆண்டுகள் வேலை செய்ததை நிறுவ, செல்பேசியில் இருந்த ஆலை வளாகப் புகைப்படங்கள், வருகைச் சீட்டுகள், உடன் வேலை செய்தோரின் சாட்சியம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திரட்டினோம். விபத்துக்கு முன்பே யாராவது ஒருவர் அவரிடம் எண் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் இந்தத் தேடல் தேவைப்பட்டிருக்காது.

எனவே மாணவர்களிடமும் இயக்கத் தோழர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை அணிவித்த பின், அந்தக் காலனியிலேயே ஒரு மணி நேரம் கூடுதலாக இருங்கள். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்குச் செல்வோரின் இ.எஸ்.ஐ. எண்ணையும், அது எந்த நாளில் பதிவானது என்பதையும், ஊதியச் சீட்டில் பிடித்தம் காட்டப்படுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குடிநீர்த் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று ஊராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். கருவுற்ற பெண்கள் எந்த மாதம் வரை, எந்த உதவியும் இல்லாமல் வேலைக்குப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். அந்தக் குறிப்பேட்டை அடுத்த ஆண்டும் எடுத்துச் செல்லுங்கள்.